இரண்டு பக்கமும் மஞ்சள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய்தான் வேலை செய்யும், மூளை சாவகாசமாகப் பின்னால் வரும். அன்றைக்குக் காலையில் வாயும் அடைத்துப்போனது. புதிதாக மாட்டிய சுவிட்ச், பழைய மாட்யூலை ஏற்க மாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு, அந்தத் துளையைத் தானாகவே பூட்டிக்கொண்டது. கெட்டுப்போன சாமான் ஓடாமல் கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நல்ல சாமானை இன்னொரு நல்ல சாமான் வாசலிலேயே நிறுத்தி, "நீ எங்க கம்பெனி ஆள் இல்லை, போ" என்று விரட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பகீரென்றது.

இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற மில்லில் நான் கம்ப்யூட்டர் செக்‌ஷன். செக்‌ஷன் என்றால் ஏதோ பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம், நான் ஒருத்திதான். ஆபீஸ் சாஃப்ட்வேரிலிருந்து முதலாளி வீட்டு டிவி ரிமோட் வரைக்கும் எல்லாம் என் தலையில். நெசவும் வெளுப்பும் இராஜபாளையத்தில் நடக்கும். மடித்துப் பெட்டியில் அடைக்கிற பேக்கிங் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பழைய அரிசி குடோனில். இரண்டு ஊருக்கும் நடுவில் கேபிள்காரர் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த ஒற்றை ஃபைபர் இழை ஓடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்டியைத் தராசில் ஏற்றினால் எடை இராஜபாளையம் சர்வருக்கு வரும், இங்கிருந்து நம்பர் போகும், அங்கே லேபிள் அச்சாகும். லேபிள் ஒட்டாத பெட்டியை வெளிநாட்டுக்காரன் தொடக்கூட மாட்டான். சர்வரை வெளி நெட்டுக்குத் திறந்துவிடவும் அவன் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் செல்போனை வைத்து ஒப்பேற்றுகிற வேலையும் கிடையாது. அந்த இழை செத்தால் பேக்கிங் செத்தது.

இழையின் முனைக்கொரு சுவிட்ச். கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கிற பெட்டி அது. அந்தப் பெட்டியின் துளைக்குள் விரல் நீளத்தில் ஒரு தகரத் துண்டு செருகியிருக்கும், அதுதான் மாட்யூல். சேதியை வெளிச்சமாக்கி இழைக்குள் விடுவதும், வருகிற வெளிச்சத்தைத் திரும்பச் சேதியாக்குவதும் அதன் பிழைப்பு.

முந்தின நாள் சாயங்காலம் மலைப்பக்கமிருந்து இறங்கிய மழையில் ஒரே ஒரு இடி. இராஜபாளையம் சுவிட்ச் கருகி நாற்றமடித்தது. நல்ல வேளையாகப் புது சுவிட்ச் ஒன்று ஏற்கெனவே ஸ்டோர்ஸில் வாங்கி வைத்திருந்தோம். வேறு கம்பெனிதான், ஆனால் பெரிய கம்பெனி. கருகிய பெட்டியிலிருந்து மாட்யூலை உருவிப் புதுசில் செருகினால் முடிந்தது என்று விசிலடித்துக்கொண்டுதான் போனேன். போன இடத்தில்தான் அந்தத் திரை.

முதலாளி என் பின்னாலேயே வந்து நின்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. சந்தோஷமோ எரிச்சலோ, எதுவானாலும் அவர் வாயில் முதலில் வருவது, சரி என்பதற்கான "சரே"தான். அன்றைக்கும் "சரே" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பணும்மா. ஊருக்கு ஒரு குடோன வச்சுக்கிட்டு என்னால அழ முடியாது. இது ஓடலைன்னா பேக்கிங்கை இங்கனயே கொண்டாந்திருவேன்."

அதைக் கேட்டதும் எனக்கு மில் ஞாபகம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பேக்கிங்கைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஞாபகம்தான் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுத்த படுக்கை. வீடு குடோனுக்குப் பின் தெரு. மத்தியானம் மணியடித்ததும் அக்கா ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்காரவைத்து, சோறு ஊட்டி, துணி மாற்றிவிட்டு மறுபடி ஓடி வருவாள். பேக்கிங் இராஜபாளையத்துக்கு வந்தால் அக்காவால் வர முடியாது. யார் ஊட்டுவார்கள்? வேலையை விட்டால் எதை ஊட்டுவது? அக்காவுக்கு அந்தக் குடோன்தான் கதி.

ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணாச்சியிடம் ஒரு சட்டம் உண்டு. "பழசைக் காட்டு, புதுசை வாங்கித் தாரேன்." பேரிங் ஆனாலும் பெல்ட் ஆனாலும் ஸ்பிண்டில் ஆனாலும் பழைய சாமானைக் கண்ணால் பார்க்காமல் அவர் எதற்கும் ஆர்டர் போட மாட்டார். மில் சாமான்களில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், அரை நூல் தப்பினாலும் மெஷின் நின்றுவிடும் என்பது அவர் வாதம். நாங்களும் அதை ஒத்துக்கொண்டு குப்பை கொட்டுகிறோம்.

பழைய மாட்யூலை அவர் மேசையில் வைத்துவிட்டு, சுவிட்ச் விற்ற மதுரைக்காரருக்குப் போனைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மதுரைக்காரர் அசரவே இல்லை.

"எங்க சுவிட்ச் எங்க மாட்யூலத்தான் எடுக்கும் சார். அது டிசைனே அப்படித்தான். சொல்லுங்க, பழசுல கொக்கி என்ன கலரு, நீலமா மஞ்சளா?"

மாட்யூலைப் பிடித்து இழுக்க முன்னால் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மாட்யூலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"மஞ்சள். சுத்த மஞ்சள்" என்றார்.

"அப்ப மஞ்சளே பஸ் பார்சல்ல போட்டு விடுதேன்."

அண்ணாச்சி பழசை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, டிராயருக்குள் வைத்தார். வேலை கச்சிதமாக முடிந்த திருப்தி அவர் முகத்தில். எனக்கும் போன மூச்சு வந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பார்சல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நானே ஸ்கூட்டியில் போய் வாங்கி வந்தேன். புது மாட்யூலைச் செருகியதும் சுவிட்ச் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டது. திரையில் நம்ம கம்பெனிப் பிள்ளை என்று பெயர் சொல்லி வரவேற்பே நடந்தது. இழையைக் குத்தினேன். பச்சை விளக்கு வரும், வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. உருவிக் குத்தினேன். வரவில்லை. இழையின் முனையைத் துடைத்துக் குத்தினேன். ம்ஹூம். கேபிள்காரர் மீட்டர் வைத்துப் பார்த்து, இழையில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்தார்.

மறுபடி மதுரை. "மேடம், அந்தப் பக்கம் இருக்கிறது வேற கம்பெனி மாட்யூல்ல? அதான் ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது. அந்தப் பக்கத்துச் சுவிட்சையும் மாட்யூலையும் எங்களுதா மாத்திட்டா பிரச்சினையே இல்ல. நாளைக்குக் காலையில ஆள் அனுப்பட்டுமா?"

"ஏன் சார், வெளிச்சத்துக்கு எந்தக் கம்பெனி? சூரியன் எந்தக் கம்பெனி? போன வைங்க சார்!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, உள்ளுக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது. ஒருவேளை அவர் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்?

முதலாளிக்குப் போன் செய்து நாளைக் காலைவரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். "சரே. நீ நாளைக்குன்னெல்லாம் அலைய வேண்டாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்காக இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது?

ஸ்ரீவில்லிபுத்தூர் முனையில் என்ன மாட்யூல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஒத்துப்பார்க்கப் பழசும் கையில் வேண்டுமே. டிராயரைத் திறக்கச் சொன்னால் அண்ணாச்சி மறித்தார்.

"பழசு ஸ்டோர்ஸ் சொத்து. வெளிய போகக் கூடாது தாயி."

"அண்ணாச்சி, அங்க ஒருத்தி பொழைப்பு அந்தரத்துல தொங்குது. நீங்க தகரத்தைக் காவல் காக்கீயளே!"

நானே டிராயரை இழுத்துக் கவரைப் பறித்துக்கொண்டு ஓடினேன். "கொண்டாந்து குடுத்திரணும்!" என்ற சத்தம் கேட்வரைக்கும் பின்னால் வந்தது. வழியில் ஸ்கூட்டிக்கு எதிரே தென்காசி பஸ் ஒன்று இடிக்கிற மாதிரி வந்து ஒதுங்கியதெல்லாம் பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்டபோது, கும்பிடக்கூட நான் கையை எடுக்கவில்லை.

குடோனில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான். பெண்கள் எல்லாரும் தலையில் மாட்டிய துணித் தொப்பியோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகள் உத்தரம் வரைக்கும் அடுக்கி இருந்தன. தராசின் மேல் ஒரே ஒரு பெட்டி.

"அது நேத்து ஏத்துனது. எடை போட்டு நம்பர் வாரதுக்குள்ள இடி இடிச்சிருச்சு" என்றாள் அக்கா. "இறக்கி வைக்க மனசு வரலை. ஏட்டி, சரியாயிருமாட்டி?"

"ஆயிரும்க்கா" என்றேன். பொய்தான் சொன்னேன்.

மூலையில் இருந்த சுவிட்சுக்கு முன்னால் மண்டி போட்டு, செல்போன் டார்ச்சை அடித்தேன். மாட்யூலின் கொக்கி மஞ்சள். கவரைப் பிரித்து, இராஜபாளையத்துப் பழைய மாட்யூலைப் பக்கத்தில் பிடித்தேன். அதுவும் மஞ்சள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒற்றை இழையில் போவதும் வருவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்றால், போகிற வெளிச்சம் ஒரு நிறம், வருகிற வெளிச்சம் ஒரு நிறம். அதனால் மாட்யூல் எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும், அடையாளத்துக்கு ஒன்றில் நீலக் கொக்கி, இன்னொன்றில் மஞ்சள் கொக்கி. நீலக் கொக்கிக்காரன் அனுப்புவது மஞ்சள் கொக்கிக்காரன் கண்ணுக்குத்தான் தெரியும். மஞ்சள் அனுப்புவது நீலத்துக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் மஞ்சள் என்றால் ஒருத்தருக்கொருத்தர் குருடு. இப்போது ஏன் ஓடவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து நேற்று இடி விழுகிறவரை இதே இரண்டு மஞ்சளும் எப்படி ஓடின? ஓடியிருக்கவே முடியாது. ஆனால் ஓடின. நான் தினமும் பார்த்தேனே! படித்ததெல்லாம் பொய்யா, இல்லை எனக்குத்தான் மண்டை கலங்கிவிட்டதா? பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் வாசலில் லாரி வந்து நின்றது. சரக்கு ஏற்ற இன்னும் நேரம் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். இறங்கியது லோடுமேன்கள் இல்லை. எங்கள் மில்லின் ஃபிட்டர்கள் இரண்டு பேர், கையில் ஸ்பேனரோடு.

"மொதலாளி தராசையும் பிரிண்டரையும் கழட்டி ஏத்திக்கிட்டு வரச் சொன்னாக" என்றார் ஒருவர், யார் முகத்தையும் பார்க்காமல். "பெட்டியெல்லாம் பொறவு வந்து ஏத்திக்கிடலாம்னு சொன்னாக."

நாளைக்கு அலைய வேண்டாம் என்றால் அதுதானா! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தொட்டுப் பாருங்க! ஒரு போல்ட்டத் தொட்டுப் பாருங்கய்யா இன்னைக்கு!" என்று குதித்தேன். அவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? முதலாளி அனுப்பிய சேதியை செல்போனில் காட்டினார்கள். பிரிண்டர் நிற்கிற இரும்பு மேசையின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்கள். மேசை ஆடியது.

அக்கா எழுந்து போனாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மேசையின் இன்னொரு பக்கத்தை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துக் கழட்டுங்க. மிசினு கீழ விழுந்திரப் போகுது" என்றாள்.

தன் சோற்றில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷி பிரிண்டருக்காகக் கவலைப்படுவாளா? "விடுக்கா! கைய எடுக்கா!" என்று அலறினேன். அவள் எடுக்கவில்லை. முதல் போல்ட் கழன்று தரையில் விழுந்தது. இரண்டாவதும் கழன்றது.

ஆத்திரத்தில் பழைய மாட்யூலை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன். உள்ளங்கை வேர்த்துக் கொழகொழவென்று இருந்தது. துப்பட்டாவில் துடைக்கலாம் என்று கையை விரித்தால் உள்ளங்கையெல்லாம் மஞ்சள். மாட்யூலைப் பார்த்தேன். கொக்கியின் ஒரு ஓரம் நீலமாக இருந்தது.

மூக்கில் வைத்து முகர்ந்தேன். சந்தனம்.

ஐயையோ, ஆயுத பூஜைச் சந்தனம்! பூஜை முடிந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு மில் முழுக்கச் சந்தனம் வைப்பது அண்ணாச்சிதான். பொட்டு வை என்றால் அவர் பூசுவார். கடையில் விற்கிற அந்தப் பளீர் மஞ்சள் சந்தனப் பொடியைக் குழைத்து, தறியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை ஒன்று விடாமல் பக்தியோடு தடவுவார். "இது ஊரு விட்டு ஊரு பேசுத பெட்டி தாயி" என்று சொல்லிச் சொல்லி, சுவிட்சின் துளை துளையாகத் தடவினாரே, நானும் பக்கத்தில் நின்று சூடத்தட்டைக் காட்டினேனே! அவரே பூசி, அது காய்ந்து, அதையே அவர் கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்து, சுத்த மஞ்சள் என்றிருக்கிறார். பழசைக் காட்டினால்தான் புதுசு!

பேக்கிங் மேசையில் கிடந்த காஸ் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொக்கியைத் தேய்த்தேன். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்த மாதிரி நீலம் வெளியே வந்தது.

இப்போது மூளை வந்து சேர்ந்தது. இராஜபாளையத்துப் புது சுவிட்சில் மாட்டியிருப்பது மஞ்சள். இங்கே இருப்பதும் மஞ்சள். அங்கே நீலத்துக்கு இனிமேல் ஆர்டர் போட்டு வரவழைக்க நேரம் கிடையாது. ஆனால் இங்கே இருப்பது பழைய சுவிட்ச். அதற்குக் கம்பெனிப் பேதமெல்லாம் தெரியாது, எதைச் செருகினாலும் வாங்கிக்கொள்ளும். இங்கிருக்கிற மஞ்சளை உருவிவிட்டு, கையில் இருக்கிற நீலத்தை இங்கே செருகினால்? அங்கே மஞ்சள், இங்கே நீலம். ஜோடி சேர்ந்துவிடும்.

வேர்த்த கையில் கொக்கி இரண்டு தடவை வழுக்கியது. மஞ்சளை உருவினேன். நீலத்தைச் செருகினேன். இழையைக் குத்தினேன்.

பச்சை விளக்கு வந்தது. வந்து நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு சத்தம். இரண்டு போல்ட் கழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த மேசையில் பிரிண்டர் கர்ரென்று முக்கி, ஒரு லேபிளைத் துப்பியது. தராசில் நேற்றிலிருந்து காத்துக் கிடந்த அந்த ஒற்றைப் பெட்டியின் லேபிள். ஸ்பேனரோடு குனிந்திருந்தவர் திடுக்கிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேவிட்டார். மேசையைப் பிடித்திருந்த அக்கா கையை எடுக்காமல், ஏதோ பாம்பைப் பார்க்கிற மாதிரி அந்தக் காகிதத்தையே பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"உன் லேபிள்க்கா! எடுத்து ஒட்டுக்கா!"

முதலாளியைக் கூப்பிட்டு, பிரிண்டர் பக்கத்தில் போனைப் பிடித்தேன். அதற்குள் பெண்கள் எழுந்து அடுத்த பெட்டியைத் தராசில் ஏற்றிவிட்டார்கள். கர்ர், கர்ர் என்ற சத்தத்தை அவர் செத்த நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சரே" என்றார். "ஸ்பேனரைக் கீழ போடச் சொல்லு. சரக்க ஏத்தச் சொல்லு."

அண்ணாச்சிக்கும் போன் போட்டேன். "அண்ணாச்சி, பழசு நீலம்!"

"நீலமா? என் ரெண்டு கண்ணால மஞ்சளப் பாத்தேன் தாயி."

"ஆயுத பூசைக்கு அதுல சந்தனம் பூசினது யாரு?"

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, பழச மறக்காமக் கொண்டாந்திரு" என்றார். அவருக்குத் திருப்பிக் கொடுக்க, இப்போது என் கையில் ஒரு அசல் மஞ்சள் இருந்தது.

ஃபிட்டர்கள் கழற்றின போல்ட்களைப் பொறுக்கி மறுபடி முடுக்கினார்கள். அக்கா பக்கத்திலேயே நின்று, அவர்கள் போன பிறகும் மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. அதற்குப் பிறகு அவள் ஓய்ந்து நிற்கவே இல்லை. எடை போடுகிறாள், ஒட்டுகிறாள், லாரிக்கு ஓடுகிறாள், எண்ணுகிறாள். லாரி தார்ப்பாய் கட்டிக் கிளம்பி, தெரு முனையில் திரும்பி மறைகிறவரை வாசலில் நின்றாள். வெயில் முழுக்க இறங்கியிருந்தது.

திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, மத்தியானம் நான் வீட்டுக்குப் போனேனா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் போகவில்லை.

"அவிய இன்னும் சாப்பிடலையேட்டி!"

தொப்பியைக்கூடக் கழற்றாமல், செருப்பும் போடாமல் ஓடினாள். நான் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவர் காலையில் அவள் படுக்கவைத்துவிட்டுப் போன மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு காலியாகக் கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பினார்.

"மொதலாளி எப்பவும் சொல்லுத மாதிரி குடோனத் தூக்கிட்டாகளோன்னு நெனச்சேன்" என்றார். "நீ ராஜபாளையத்துக்கே போயிட்டேன்னு நெனச்சேன். சரி, எப்படியும் ஒருத்தராவது சாப்பிடட்டும்னு பேசாமக் கெடந்தேன்."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா, சோற்றுப் பானையைத் திறந்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.